கட்டணச் சுவர் சாத்திரம்: கொள்ளைநோய்ப் படலம்

பாயிரம் இல்லாமல் நூலைத் தொடங்கக்கூடாது என்பது நம் மரபு. ஆகவே முதலில் பாயிரம். நுதலிய பொருள்: உலகமே நோயில் படுத்திருக்கும்போது அந்த நோயைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைக் காசு கொடுக்காமல் கண்டடைதல். வழி: இத்துறையில் முதல்நூல்கள் உண்டு, அவற்றுக்குக் கட்டணம் கேட்டார்கள். எல்லை: 1982 முதல் இற்றைநாள் வரை. கேட்போர்: இரவுப் பணிக்கு நடுவே ஒரு மருந்தின் அளவைச் சரிபார்க்க நினைக்கும் மருத்துவர், ஊக்கத்தொகை இன்னும் வந்து சேராத ஆய்வு மாணவர், வாட்ஸப்பில் வந்த செய்திக்கு மூலம் எங்கே என்று கேட்கும் பெரியப்பா. இவர்களில் மூன்றாம் வகையார் அருகிவருகிறார்கள். பயன்: கட்டுரை ஒன்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து டாலர் மிச்சம்.

இனி நூல்.

கட்டணச் சுவர் செங்கல்லால் ஆனதன்று. அது எழும் விதம் வருமாறு. ஓர் ஆய்வாளர், பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தில், ஆய்வு செய்கிறார். முடிவைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதற்கு அவருக்குச் சன்மானம் கிடையாது. இதழ் அதை வேறு இரண்டு மூன்று ஆய்வாளர்களிடம் மதிப்பீட்டுக்குக் கொடுக்கிறது, அவர்களுக்கும் கிடையாது. கட்டுரை தேறியதும் எழுதியவர் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நன்றி தெரிவிக்கிறார். பிறகு அவர் வேலைபார்க்கும் பல்கலைக்கழகத்தின் நூலகம் அதே கட்டுரையைச் சந்தா கட்டி வாங்குகிறது. இந்தச் சுற்றில் பதிப்பகம் செய்வது என்ன என்று மாணாக்கர் கேட்பதுண்டு. லாபம் செய்கிறது. எல்சவியர் பதிப்பகத்தை நடத்தும் ரெலக்ஸ் நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டுக் கணக்கில், அறிவியல் மருத்துவப் பிரிவுக்கு வந்த ஒவ்வொரு நூறு பவுண்டிலும் சுமார் 37 பவுண்டு செயல்பாட்டு லாபம். கச்சாப் பொருள், உழைப்பு, தரச்சோதனை மூன்றும் இலவசமாக வந்து சேரும் தொழிலில் மீதி 63 பவுண்டு எங்கே போகிறது என்பதே உண்மையில் ஆராயத்தக்கது.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931 இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். முதல் விதியின்படி நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்கு. இவ்வளவு எளிய செய்தியை விதி என்று எழுத வேண்டியிருந்ததற்குக் காரணமும் அவர் நூலிலேயே இருக்கிறது. ஐரோப்பிய நூலகங்களில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். சங்கிலிக்கு ஒரு நற்குணம் இருந்தது. நூலகத்துக்குள் வந்தவர் நின்றபடியே முழுப் புத்தகத்தையும் படிக்கலாம்.

சுவருக்கு வெளியே இலவசமாகக் கிடைப்பது கட்டுரையின் சுருக்கம் மட்டும். இருநூறு முந்நூறு சொல் இருக்கும். உலகின் மருத்துவம் கணிசமான அளவு இந்த முந்நூறு சொல்லில்தான் நடக்கிறது. பிளாஸ் மெடிசின் இதழ் 2006 இல் ஒரு தலையங்கத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தந்தது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி மருத்துவர்கள் சிலர், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் தங்கள் திட்டத்தை ஒரு கட்டுரைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு மாற்றியமைத்தார்கள். முழுக் கட்டுரையைப் படித்திருந்தால் அந்த முடிவு தங்கள் ஊருக்குப் பொருந்தாது என்று கண்டிருப்பார்கள். முழுக் கட்டுரை சுவருக்குள் இருந்தது.

இப்படலத்தின் மூல வழக்கு லைபீரியாவில் நடந்தது; அதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 2014 இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இந்த வட்டாரத்தில் இந்த வைரஸ் இதற்குமுன் இருந்ததில்லை என்பதே எல்லோருடைய எண்ணமும். மருத்துவமனைகளுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. காய்ச்சலோடு வந்தவரை எபோலா என்று யாரும் ஐயுறவில்லை; ஐயுறாத செவிலியரும் மருத்துவரும் இறந்தார்கள். லைபீரியாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல், நோய் கடுமையாகப் பரவிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

2015 ஏப்ரலில் லைபீரியச் சுகாதார அமைச்சின் தலைமை மருத்துவ அலுவலர் பெர்னிஸ் டான், வேறு இருவரோடு சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய ஆய்வுகளைத் துழாவியபோது 1982 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று அகப்பட்டதாம். லைபீரியர்களின் இரத்தத்தில் எபோலா எதிர்ப்பொருள் இருக்கிறது, ஆகவே எபோலா நிலைகொண்ட நாடுகளில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதில் எழுதியிருந்தார்கள். எழுதி முப்பத்திரண்டு ஆண்டு கழித்துத்தான் நோய் வந்தது. முன்னெச்சரிக்கைக்கு இது போதுமான கால அவகாசம் என்று எந்தப் பேரிடர் மேலாண்மை நூலும் ஒப்புக்கொள்ளும்.

இரத்தம் எடுக்கப்பட்டது லைபீரியாவில். கட்டுரை அச்சானது ஐரோப்பாவில். எழுதியோர் பட்டியலில் லைபீரியர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட கட்டுரை ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் ஆகும் என்றும், அது அங்குள்ள மருத்துவர் ஒருவரின் ஏறக்குறைய அரை வாரச் சம்பளம் என்றும் டான் குழுவினர் கணக்குச் சொன்னார்கள். விலை மட்டுமே குற்றவாளி என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படி ஒரு கட்டுரை இருக்கிறது என்றே அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தேட இயலாது, தேடாத ஒன்றுக்குக் கட்டணமும் வராது என்பதால், இந்த வழக்கில் பதிப்பகத்துக்கும் நட்டமே என்று வாதிடுவோர் உளர்.

அடுத்து, சுவர் தானாகத் திறக்கும் காலம். மார்கழி வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் பரமபத வாசல் திறப்பதை அறிவோம். ஆண்டு முழுதும் அடைத்த கதவு அன்று விடியுமுன் திறக்கும், கூட்டம் நெரியும், இராப்பத்து கழிந்தால் கதவு சாத்தப்படும். ஆய்விதழ்களின் சொர்க்கவாசலும் இவ்வகையே, ஒரு வேற்றுமை உண்டு. அரங்கனின் வாசலுக்குப் பஞ்சாங்கத்தில் நாள் குறிக்கலாம். இதழ்களின் வாசலுக்கு நாள் குறிப்பது நோய்.

2020 ஆம் ஆண்டில் வைகுண்ட ஏகாதசி இருமுறை வந்தது, ஜனவரி 6 அன்றும் டிசம்பர் 25 அன்றும். முதல் ஏகாதசி கழிந்து ஐந்தாம் நாள், ஜனவரி 11 அன்று, ஷாங்காயைச் சேர்ந்த ஜாங் யோங்ஜென் குழு புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையை, ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்து, ஆஸ்திரேலியாவின் எட்வர்டு ஹோம்ஸ் வழியாக இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டது. உலகெங்கும் தடுப்பூசி வேலை அந்த எழுத்துகளை வைத்தே தொடங்கியது. மறுநாள் ஜாங்கின் ஆய்வகத்தை ‘திருத்த நடவடிக்கை’க்காக மூடும்படி ஆணை வந்தது. முதலில் திறந்தவருக்கு இதுவே கைம்மாறு.

ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு நெருக்கடியை அறிவித்தது. மறுநாள் லண்டனின் வெல்கம் அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய பதிப்பகங்கள் பலவும் அதில் ஒப்பமிட்டன. இந்நோய் பற்றிய கட்டுரைகளை உடனே இலவசமாகத் திறப்போம், குறைந்தது நோய் நீடிக்கும் காலம் வரையிலாவது, என்பது அதன் சாரம். 2016 இல் ஜிகா வைரஸ் வந்தபோதும் இதே அறக்கட்டளை முன்னின்று இத்தகைய ஓர் அறிக்கை வெளிவந்திருந்தது. ஆகவே வாசகத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. மார்ச்சில் இந்தியா உட்படப் பத்துக்கு மேற்பட்ட நாடுகளின் அறிவியல் ஆலோசகர்கள், கட்டுரைகளைத் திறந்தால் மட்டும் போதாது, கணினி படிக்கும் வடிவிலும் தாருங்கள் என்று பதிப்பகங்களுக்கு எழுதினார்கள். அரசாங்கங்கள், தாங்களே பணம் கொடுத்துச் செய்வித்த ஆய்வைப் படிக்க விண்ணப்பம் எழுதிய அரிய தருணம் அது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

வாசல் திறக்க ஒரு நோய்க்கு வேண்டிய தகுதிகளை இங்கே தொகுத்துக்கொள்ளலாம். நோய் புதிதாயிருக்க வேண்டும். விமானம் ஏற வேண்டும். பதிப்பகங்களின் தலைமையகம் இருக்கும் ஊர்களில் இறங்க வேண்டும். ஏழைகளை மட்டும் கொல்லும் நோய்க்கு இவற்றுள் மூன்றாவது வாய்ப்பதில்லை.

திறப்பிலும் வகை உண்டு. இத்துறையார் அதை உலோகத்தாலும் நிறத்தாலும் சொல்வர். எழுதுபவரே கட்டணம் கட்டி வாசகருக்குத் திறப்பது பொன். எழுதியவர் தன் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைப்பது பச்சை. எழுதுபவரும் படிப்பவரும் கட்டணம் கட்டாதது வைரம். திருட்டுப் படி கறுப்பு. பதிப்பகம் தன் தளத்திலேயே, எந்த உரிமமும் தராமல், தன் விருப்பப்படி திறந்து வைப்பது வெண்கலம். கொரோனாக் காலத்தில் திறந்தவற்றில் பெரும்பகுதி இந்த வெண்கலத்தைச் சேர்ந்தது. வெண்கலத்தின் இலக்கணம், கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது. எல்சவியர் அப்போது திறந்த கட்டுரைகள் பப்மெட் சென்ட்ரல் களஞ்சியத்தில் இருக்கின்றன. தங்கள் கொரோனா மையம் செயல்படும் வரை இந்த அனுமதி செல்லும் என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று நெருக்கடி முடிந்தது என்று அறிவித்துவிட்டது.

எந்தக் கட்டுரை இந்நோயைப் பற்றியது என்பதும் எளிய கேள்வி அன்று. தலைப்பில் ‘கொரோனா’ இருந்தால் திறந்தார்கள். ஆனால் மூச்சுத்திணறும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது பற்றி, நுரையீரல் அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பற்றி, இரத்தக்கட்டு பற்றி, காற்றோட்டமில்லாத அறையில் நீர்த்திவலை எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது பற்றியெல்லாம் பல பத்தாண்டுகளாக எழுதியவர்களுக்கு, 2020 இல் ஒரு நோய் வரும் என்று தெரியாது. அதனால் அவர்கள் அதன் பெயரைத் தலைப்பில் சேர்க்கவில்லை. அது அவர்கள் பிழை என்றே கொள்ளப்பட்டது.

கதவு திறந்ததும் கட்டுரைகள் வந்து குவிந்தன; 2020 முடிவதற்குள் ஒரு லட்சத்தைத் தாண்டின. மதிப்பீட்டுக்குக் காத்திராத முன்வரைவுகளும் இவற்றில் அடக்கம். அவற்றை வாங்கிவைக்கும் மெட்ஆர்கைவ் 2019 ஜூனில்தான் தொடங்கப்பட்டிருந்தது; அதற்கு மூத்தது பயோஆர்கைவ், 2013. வெல்கம் அறிக்கை வந்த அதே ஜனவரி 31 அன்று, டெல்லி ஆய்வாளர்கள் சிலர் பயோஆர்கைவில் ஒரு முன்வரைவை ஏற்றினார்கள். புதிய வைரஸில் எச்.ஐ.வி.யை ஒத்த துண்டுகள் இருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. அத்துண்டுகள் மிகச் சிறியவை, வேறு பல உயிரிகளிலும் காணப்படுபவை என்று மற்றவர்கள் சுட்டிக்காட்டவே, இரண்டே நாளில் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். வதந்தியைத் திரும்பப் பெறும் வசதி அந்தத் தளத்தில் இல்லை. அதன்பிறகு, இவை மதிப்பிடப்படாதவை என்ற மஞ்சள் பட்டை ஒன்று பக்கத்தின் தலையில் தோன்றியது.

மதிப்பீடு நடந்தால் காப்பு என்பார்க்கு லான்செட் வழக்கைக் காட்டுக. 2020 மே 22 அன்று அவ்விதழில் வந்த கட்டுரை, ஆறு கண்டங்களின் 671 மருத்துவமனைகளில் 96,000 நோயாளிகளைப் பார்த்ததில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கப்பட்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்றது. மூன்றாம் நாள் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தின் சோதனையை நிறுத்திவைத்தது. ஆஸ்திரேலியர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு சிறு ஐயம் எழுப்பினார்கள். தங்கள் நாட்டில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரை சொல்கிறது. கட்டுரையின் கணக்கு முடிந்த தேதிவரை நாட்டில் இறந்தவர்களே 67 பேர்தான். மூலத் தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது அதை வைத்திருந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் தர மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கட்டுரைக்குக் கதவு திறந்திருந்தது, தரவு பூட்டிக் கிடந்தது. திறப்பு பற்றிய அறிக்கைகளைப் போற்றுவோர் இந்த இடத்தில் சற்று மெல்லப் பேசுவர்.

பூட்டுக்கும் தரம் உண்டு. ஐவர்மெக்டின் கொரோனாவைக் குணப்படுத்தும் என்று எகிப்திலிருந்து 2020 நவம்பரில் ஒரு முன்வரைவு வந்தது. அதன் தரவு கட்டணத் தளம் ஒன்றில், கடவுச்சொல் இட்ட கோப்பில் இருந்தது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர் காசு கட்டிக் கோப்பை எடுத்தார். கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று யோசித்து 1234 என்று அடித்தார். திறந்தது. உள்ளே இருந்த எண்களும் கட்டுரையில் இருந்த எண்களும் பொருந்தவில்லை. 2021 ஜூலையில் முன்வரைவு நீக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஐவர்மெக்டின் வழங்கப்போவதாகக் கோவா அரசு அறிவித்திருந்தது.

உண்மையிலேயே உயிர் காத்த செய்தி எப்படி வந்தது? டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய மருந்து, செயற்கை மூச்சில் இருக்கும் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டின் ரெக்கவரி சோதனை கண்டது. 2020 ஜூன் 16 அன்று அது வெளியானது, ஒரு செய்திக்குறிப்பாக. முன்வரைவு ஜூன் 22 அன்று வந்தது. இடைப்பட்ட ஆறு நாள் உலக மருத்துவர்கள் கையில் இருந்தது அந்தக் குறிப்பு மட்டுமே. செய்திக்குறிப்புக்கு எக்காலத்திலும் எவரும் கட்டணம் வாங்கியதில்லை. அறிவியலில் முழுமையாகத் திறந்த ஒரே வடிவம் அது.

தேடும் முறையை இனிச் சொல்லாவிட்டால் பாயிரத்தில் சொன்ன பயன் பொய்யாகும். கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுள் ஸ்காலரில் தேடுக. கீழே எல்லாப் பதிப்புகளும் என்ற இணைப்பு இருக்கும், சுவரில்லாத படி அங்கே ஒளிந்திருக்கக்கூடும். உயிரியல், மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரலில் பார்க்க. 2000 முதல் நடக்கும் களஞ்சியம் அது. அன்பேவால் என்றொரு பிரவுசர் நீட்சி 2017 முதல் இருக்கிறது. சட்டப்படி இலவசமான படி எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டைக் காட்டும். சில இதழ்கள் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் தாமே திறந்துவிடும்; அதுவரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்லலாம். எதுவும் பலிக்கவில்லையா, கட்டுரையின் முதற்பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதுக. பல வேளைகளில் கோப்பு வந்துவிடும். தன் கட்டுரையை இன்னொருவர் படிக்க விரும்புகிறார் என்ற செய்தி ஆய்வாளர் வாழ்வில் அடிக்கடி நேர்வதில்லை.

கறுப்பு வழியைச் சாத்திரம் பரிந்துரைக்காது. விவரிக்க மட்டும் செய்யும். கஜகஸ்தானின் அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் 2011 இல் தொடங்கிய சை-ஹப் தளம் கோடிக்கணக்கான கட்டுரைகளைச் சுவர் தாண்டி எடுத்து வைத்தது. எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் அதன்மேல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. தொடுத்த மாதம் 2020 டிசம்பர். இரண்டாம் ஏகாதசி வந்த அதே மாதம், கொள்ளைநோய் ஓயாதிருந்த காலம். 2025 ஆகஸ்டில் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

இடையில் அரசும் ஒரு வழி கண்டது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது: மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கு இது மெய்யான உதவி. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சுவர் அப்படியே நிற்க, சுவருக்கு உள்ளே போகிறவர்களின் எண்ணிக்கையை உயர்த்துவது இதன் உத்தி. அரசு நிறுவனங்களுக்கென வகுத்த திட்டமாதலால், கும்பகோணத்தில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் வெளியேதான் நிற்கிறார். அவரிடம் போகும் நோயாளிகளும் வரி கட்டுகிறார்கள்.

சுவரை எடுத்துவிட்டால் பதிப்பகம் எப்படிப் பிழைக்கும் என்று இரங்குவோர்க்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. 2020 நவம்பரில் நேச்சர் இதழ் திறந்த அணுக்கத்தில் வெளியிடும் ஒரு வழியை அறிவித்தது. அந்த வழியில் வாசகருக்குக் கட்டணமில்லை. எழுதுபவருக்குக் கட்டுரை ஒன்றுக்கு அன்று விதித்த கட்டணம் 9,500 யூரோ. படிக்க முடியாதவர் இனிப் படிக்கலாம், எழுத மட்டும் முடியாது.

கடைசியாக, வாசல் திறக்காத நோய் பற்றி. காசநோயை உலக நெருக்கடி என்று உலக சுகாதார நிறுவனம் 1993 இலேயே அறிவித்துவிட்டது. 2023 இல் அது ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் பேரைக் கொன்று, தொற்றுநோய்களில் கொரோனாவிடம் இழந்திருந்த முதலிடத்தை மீட்டுக்கொண்டது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். இதன் பொருட்டு எந்தப் பதிப்பகமும் கூட்டறிக்கை விடவில்லை. முன்னே கண்ட மூன்று தகுதிகளில் இந்த நோய்க்கு முதலாவதே இல்லை.

ஆனால் சென்னை சேத்துப்பட்டில் 1956 இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், ஏழை நோயாளியை நெரிசலான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகிறார் என்று நிறுவி, உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. அந்த ஆய்வு 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. ஏறக்குறைய நூறு பக்கம். பப்மெட் சென்ட்ரலில் இன்றும் முழுதாக இருக்கிறது. கட்டணம் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது.